வரிசைக்கு வர முடியாதவர்கள்

மலர்க் குழுவிலிருந்து போன் வந்தது. "2015 வெள்ளத்தில் உங்கள் பேட்ச் செய்த நிவாரணப் பணி பற்றி ஒரு கட்டுரை வேண்டும். போட்டோ இருந்தால் அதையும் அனுப்புங்கள்" என்றார்கள். சரி என்று சொல்லிவிட்டேன். போட்டோவுக்குக் குறைவில்லை. டாடா ஏஸ் வண்டியின் மேல் ஏறி நின்று நாங்கள் பொட்டலம் கொடுப்பதும், கீழே நூறு கைகள் நீண்டிருப்பதும் ஏழெட்டுப் படங்களில் இருக்கின்றன. எழுத உட்கார்ந்த பிறகு அந்தப் படங்களையே திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தேன். நீண்டிருக்கும் கைகளுக்குச் சொந்தக்காரர்கள் எல்லோரும் வண்டி நின்ற இடத்துக்கு நடந்து வந்தவர்கள். நடந்து வர முடியாதவர் ஒருவர்கூட எந்தப் படத்திலும் இல்லை. ஆகவே குழுவினர் கேட்ட கட்டுரைக்குப் பதிலாக வேறொன்றை எழுதியிருக்கிறேன். பொறுத்துக்கொள்ள வேண்டும்.

நான் சிவில் பிரிவில் படித்து 2010-ல் வெளியே வந்தவன். சரித்திர ஆசிரியன் அல்ல. ஆனாலும் நம் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. ஒரு சுவரில் விரிசல் கண்டால், அந்த அஸ்திவாரம் எப்போது, யாரால், எதற்காகப் போடப்பட்டது என்று பழைய வரைபடத்தைத் தேடிப் போவோம். அப்படித்தான் நானும் கொஞ்சம் பின்னால் போனேன்.

சென்னையில் பறக்கும் ரயிலில் சேப்பாக்கத்திலிருந்து மயிலாப்பூர் பக்கம் போயிருப்பவர்களுக்குத் தெரியும், ரயில் பாதையின் தூண்கள் ஒரு கறுத்த கால்வாயிலேயே நிற்கும். பக்கிங்காம் கால்வாய். அதில் கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கிற சுமார் 8 கிலோமீட்டர் துண்டு, 1876-78 தாது வருஷப் பஞ்சத்தின்போது நிவாரண வேலையாக வெட்டப்பட்டது. அப்போதைய கவர்னர் பக்கிங்காம் பிரபுவின் பெயர்தான் கால்வாய்க்கு வந்தது. பஞ்சத்தில் அடிபட்டவன் மண் சுமந்தால் கூலி. 1877-ல் ஒரு கட்டத்தில் ஆணுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் ஓர் அணாவும் என்று குறைத்துவிட்டார்கள். அரை வயிற்றுக்கு முழு வேலை. சர்க்கார் நிவாரணம் என்றால் உடம்பைக் கொண்டுவந்து காட்டு என்பதுதான் அன்றைய விதி.

உடம்பைக் கொண்டுவர முடியாதவன் என்ன செய்தான்? இந்தக் கேள்வி அன்றைய அதிகாரிகளையே உறுத்தியிருக்கிறது. 1880-ல் பஞ்சக் கமிஷன் அறிக்கை கொடுத்தது. அதன் பின்னால் வந்த பஞ்ச விதித்தொகுப்புகளில், வேலை செய்ய முடிந்தவர்களுக்கு வேலை, முடியாதவர்களுக்கு இனாம் நிவாரணம் என்று இரண்டாகப் பிரித்தார்கள். பார்வையற்றவர், கால் விளங்காதவர், சித்தசுவாதீனம் இல்லாதவர், தள்ளாத வயதினர் என்று வகை சொல்லியே எழுதினார்கள். கிராமம் கிராமமாக அப்படிப்பட்டவர்களின் பட்டியலைத் தயாரித்து, இருக்கிற இடத்திலேயே தானியமோ காசோ கொடுக்க வேண்டும் என்பது ஏற்பாடு. இதைப் படித்து வெள்ளைக்காரனுக்குக் கருணை சுரந்துவிட்டது என்று யாரும் நினைக்க வேண்டாம். லட்சக்கணக்கில் ஜனங்கள் செத்த பிறகு எழுதிய விதி அது. செலவைக் கட்டுக்குள் வைக்கிற கணக்கும் அதற்குள் இருந்தது. இருந்தாலும் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். வர முடியாதவன் என்று ஒருவன் இருக்கிறான், அவனைத் தேடிக்கொண்டு அதிகாரி போக வேண்டும் என்பது காகிதத்திலாவது இருந்தது.

பஞ்சம் மாதக்கணக்கில் மெதுவாக வரும், பட்டியல் போட அவகாசம் உண்டு. வெள்ளம் ஒரு ராத்திரியில் வந்துவிடும். அந்தப் பட்டியல் பழக்கம் வெள்ள நிவாரணத்தில் தொடராமல் போனதற்கு இதுவும் ஒரு காரணம் என்பது என் ஊகம். 1943 அக்டோபரில் சென்னை மூழ்கியது, 1964 டிசம்பரில் தனுஷ்கோடி போயிற்று, 2004 டிசம்பர் 26-ல் சுனாமி வந்தது. ஒவ்வொரு தடவையும் இழப்பைக் கணக்கெடுக்கிற வித்தை நமக்கு நன்றாகவே கைவந்திருக்கிறது. எத்தனை குடிசை, எத்தனை மாடு, எத்தனை படகு, எத்தனை ஏக்கர் என்று கணக்கு வந்துவிடும்.

சுனாமிக்குப் பிறகு, 2005-ல் பேரிடர் மேலாண்மைச் சட்டம் வந்தது. அதன் 61-வது பிரிவு, நிவாரணம் கொடுப்பதில் பால், சாதி, சமூகம், வம்சாவழி, மதம் ஆகியவற்றின் பேரில் பாகுபாடு கூடாது என்றது. நல்ல பிரிவு. அந்தப் பட்டியலில் ஊனம் இல்லை. அதற்கு முன்பே, 1995-ல், ஊனமுற்றோருக்கென்று தனிச் சட்டம் வந்திருந்தது. அதிலும் பேரிடர் பற்றிப் பிரிவு கிடையாது. பேரிடர்ச் சட்டம் ஊனத்தை மறந்தது, ஊனமுற்றோர் சட்டம் பேரிடரை மறந்தது.

விலைப்பட்டியல் ஒன்றும் கைக்குக் கிடைத்தது. 2015 முதல் 2020 வரை மாநிலப் பேரிடர் நிதியிலிருந்து எதற்கு எவ்வளவு கொடுக்கலாம் என்று மத்திய அரசு வகுத்த அட்டவணை. கறவை மாடு செத்தால் 30,000 ரூபாய். ஆடு 3,000. கோழி ஒன்றுக்கு 50. வீட்டோடு துணிமணி போனால் குடும்பத்துக்கு 1,800, பாத்திரம் பண்டத்துக்கு 2,000. ஊனம் என்ற சொல்லும் அதில் வருகிறது. வெள்ளத்தில் கையோ காலோ கண்ணோ போய் 40 முதல் 60 சதவீத ஊனம் ஏற்பட்டால் 59,100 ரூபாய், 60 சதவீதத்துக்கு மேல் போனால் 2 லட்சம். அதாவது வெள்ளத்தால் ஊனமானவரை அட்டவணைக்குத் தெரியும். ஊனத்தோடு வெள்ளத்தில் மாட்டியவரைத் தெரியாது. அவருடைய சக்கர நாற்காலி, கேலிப்பர், காது மிஷின், செயற்கைக் கால் எதற்கும் அதில் ஒரு வரிகூட இல்லை.

இதையெல்லாம் நான் ஏன் தேடிப் படித்தேன் என்றால், என் ரூம்-மேட்டின் கேலிப்பர் அடையாற்று வெள்ளத்தில் போனது.

பெயரைப் போடாதே என்று சொல்லிவிட்டான். நம் ஹாஸ்டலில் அந்த நான்கு வருஷம் இருந்தவர்களுக்குப் பெயர் தேவையில்லை. இரண்டு வயசில் போலியோ வந்து இடது கால் போனவன். கேலிப்பரும் கட்டைகளுமாக, மெஸ்ஸுக்கு எல்லோருக்கும் முன்னால் வந்து முதல் தோசையை வாங்குகிறவன். கேட்டால், "நான் கிளம்புறதே உங்களுக்கு அரை மணி முன்னாடிடா" என்பான். 2015-ல் அவனுக்கு ஜாஃபர்கான்பேட்டையில் தரைத்தள வீடு. அவனும் அம்மாவும்தான். தரைத்தளம்தான் வேண்டும் என்று ஆறு மாசம் அலைந்து பிடித்த வீடு அது.

அந்த வருஷம் நவம்பரிலேயே நுங்கம்பாக்கத்தில் 1,049 மில்லிமீட்டர் பெய்து தீர்த்திருந்தது. 1918 நவம்பருக்குப் பிறகு அத்தனை மழை இல்லை. ஏரிகளெல்லாம் தளும்பி நின்ற நேரத்தில் டிசம்பர் 1-ம் தேதி மழை மறுபடி பிடித்தது. அன்று செம்பரம்பாக்கத்திலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி திறந்தார்கள். வழியில் மற்ற ஏரிகளின் உபரித் தண்ணீரும் ஆற்றில் சேர்ந்துகொண்டது. திறந்தது சரியா, முன்னாலேயே கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்திருக்க வேண்டாமா என்ற சண்டை இன்றுவரை ஓயவில்லை. மத்தியத் தணிக்கைத் துறையின் அறிக்கை இது மனிதர்கள் உண்டாக்கிய பேரிடர் என்றே எழுதியது. அந்த விவாதத்துக்குள் இங்கே நான் போகவில்லை.

ஆட்டோவில் மைக் கட்டி எச்சரிக்கை சொன்னார்கள் என்று சிலர் சொல்கிறார்கள், தங்கள் தெருவுக்கு வரவே இல்லை என்று சிலர் சொல்கிறார்கள். வந்தது என்றே வைத்துக்கொள்வோம். காது கேளாதவருக்கு அந்த மைக்கால் என்ன பிரயோஜனம்? பார்வையற்ற ஒருவர் பின்னால் என்னிடம் சொன்னார்: "சார், என் தெரு எனக்கு மனப்பாடம். எத்தனை எட்டில் எந்தப் பள்ளம்னு தெரியும். முட்டி அளவு தண்ணி வந்ததும் தெருவே இல்லாம போச்சு. தண்ணிக்குள்ள கோல் தட்டினா சத்தம் வராது." இதை நான் யோசித்ததே இல்லை.

என் நண்பன் வீட்டில் ராத்திரி தண்ணீர் கட்டிலைத் தொட்டபோது, மாடி வீட்டுப் பையன்கள் இருவர் இறங்கி வந்து அவனை முதுகில் சுமந்து மொட்டை மாடிக்குக் கொண்டுபோனார்கள். அம்மா சர்டிபிகேட் ஃபைலைத் தூக்கிக்கொண்டார். கட்டிலுக்கு அடியில் கழற்றி வைத்திருந்த கேலிப்பரும், கட்டைகளும், வாசலில் நின்ற மூன்று சக்கர ஸ்கூட்டரும் போயின. செல்போன் டவர்கள் படுத்துவிட்டன. இரண்டு நாள் மொட்டை மாடி. மூன்றாம் நாள் மீனவர்கள் படகோடு வந்தார்கள். கடலில் படகு விடுகிறவர்கள் ஊருக்குள் விட்ட நாட்கள் அவை. யாருடைய பயிற்சியும் இல்லாமல் அவர்கள் செய்த காரியம் ஒன்று உண்டு. மாடியில் கிடந்த ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் இவனை உட்காரவைத்து, வேட்டியால் நெஞ்சோடு சேர்த்துக் கட்டி, நான்கு பேர் நான்கு காலைப் பிடித்துப் படி வழியாக இறக்கிப் படகில் வைத்தார்கள். "அண்ணே, உங்க கையை மட்டும் மடியில வச்சுக்குங்க, சுவத்துல இடிக்கும்" என்று ஒரு சின்னப் பையன் சொன்னானாம். இவ்வளவு கச்சிதமான பாதுகாப்புக் குறிப்பை என் சைட்டில் எந்த சூப்பர்வைசரும் சொல்லி நான் கேட்டதில்லை.

கொண்டுபோய்ச் சேர்த்த இடம் ஒரு பள்ளிக்கூடம். அங்கேதான் அவனுக்கு உண்மையான கஷ்டம் தொடங்கியது. கழிப்பறைக்கு மூன்று படி ஏறிப் போக வேண்டும். உள்ளே உட்கார்ந்து எழும் பீங்கான். பிடித்துக்கொள்ள ஒன்றும் கிடையாது. தரையெல்லாம் சேறு. கேலிப்பர் இல்லாமல் அவன் தரையில் நகர்ந்துதான் போக வேண்டும். ஆகவே அவன் ஒரு முடிவு எடுத்தான். தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிட்டான். ஊரெல்லாம் தண்ணீர் பாக்கெட் பாக்கெட்டாக வந்து இறங்குகிறது, இவன் ஒன்றரை நாள் உதட்டை மட்டும் நனைத்துக்கொண்டு சுவரில் சாய்ந்திருக்கிறான். அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை. காய்ச்சல் வந்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன பிறகுதான் விஷயம் தெரிந்தது.

இனி என் கதை. அதே நாட்களில் நாங்கள் பதினான்கு பேர் அதே பகுதியில், அவன் இருந்த பள்ளிக்கூடத்திலிருந்து நடக்கிற தூரத்தில், வண்டி வைத்துப் பொட்டலம் கொடுத்துக்கொண்டிருந்தோம். அவனுக்கு நான் போன் அடித்துப் பார்த்தேன். போகவில்லை. சித்தி வீட்டுக்குப் போயிருப்பான் என்று நானே முடிவு செய்துகொண்டேன். எங்கள் வேலை ஒழுங்காக நடக்க வேண்டும் என்று எக்ஸெல் ஷீட் ஒன்று தயாரித்தேன். எல்லோரும் மெச்சிய ஷீட் அது. தெரு, கதவு எண், தலைக்கணக்கு, கைக்குழந்தை உண்டா, பால் பவுடர் எத்தனை, சர்க்கரை மாத்திரை வேண்டுமா என்றெல்லாம் பத்தி பிரித்திருந்தேன். சானிட்டரி நாப்கினுக்கு ஒரு பத்தி வேண்டும் என்று ஜூனியர் பெண்கள் சண்டை போட்டுச் சேர்த்தார்கள். அவர்கள் சொன்னதால்தான் அது வந்தது. ஊனம் பற்றிச் சண்டை போட எங்கள் குழுவில் ஆள் இல்லை. இருந்திருக்க வேண்டிய ஒருவன் பள்ளிக்கூடச் சுவரில் சாய்ந்திருந்தான்.

ஐந்தாம் நாள் ஒரு பாட்டி வண்டியருகே வந்து இரண்டு பொட்டலம் கேட்டார். ஆளுக்கு ஒன்றுதான் பாட்டி என்றேன். "வீட்ல பையன் படுத்த படுக்கையா கெடக்கான் கண்ணு, அவன் எப்படி வந்து வரிசையில நிப்பான்?" என்றார். கொடுத்தேன். ஆனால் கூடப் போய்ப் பார்க்கவில்லை. அன்று வண்டியில் இன்னும் 200 பொட்டலம் பாக்கி இருந்தது, இருட்டிக்கொண்டு வந்தது. படுக்கையில் இருக்கிறவருக்குச் சோற்றுப் பொட்டலத்தைவிட உலர்ந்த மெத்தை அவசரம், ஈரத்தில் கிடந்தால் இரண்டே நாளில் படுக்கைப் புண் வந்துவிடும் என்பது இன்று எனக்குத் தெரியும். அன்று தெரியாது.

அரசாங்க நிவாரணத்தைப் பற்றி நியாயமாகச் சொல்ல வேண்டும். பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்குக் குடிசையென்றால் 10,000 ரூபாய், மற்ற வீடென்றால் 5,000, கூட 10 கிலோ அரிசி, ஒரு வேட்டி, ஒரு சேலை என்று அறிவித்தார்கள். பணத்தை வங்கிக் கணக்கிலேயே போட்டார்கள். வரிசையில் நிற்க முடியாதவனுக்கு இது பெரிய சௌகரியம். நண்பனுக்கும் 5,000 வந்தது. ஆனால் கேலிப்பர் கடையில் வாங்குகிற சாமான் அல்ல. காலுக்கு அளவெடுத்து, இரும்பும் தோலும் சேர்த்து, போட்டுப் பார்த்து, உறுத்துகிற இடத்தைத் தட்டிச் சரிசெய்து தர வேண்டும். வெள்ளத்தில் இழந்தவர்கள் பல பேர், செய்து தரும் கைகள் சில. அவன் கைக்கு வர ஒன்பது வாரம் ஆனது. அதுவரை ஆபீஸ் போக முடியவில்லை. அந்த நாட்களைச் சம்பளமில்லா விடுப்பாகப் போட்டுவிட்டார்கள். எந்த கம்பெனி என்பது இங்கே வேண்டாம்.

2016 சந்திப்பில் எங்கள் பேட்ச் நிவாரணப் படங்களைத் திரை போட்டுக் காட்டினோம். கைதட்டல் ஓய்ந்ததும் அவன் என் பக்கம் சாய்ந்து, "மச்சி, உன் ஷீட்ல நான் எந்தக் காலம்டா?" என்று கேட்டான். கோபமில்லை, சிரித்துக்கொண்டுதான் கேட்டான். எனக்குப் பதில் வரவில்லை.

அந்த டிசம்பரிலேயே நாடாளுமன்றத்தில் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் நிறைவேறியது. 2017 ஏப்ரலில் அமலுக்கு வந்தது. ஐ.நா. உடன்படிக்கையை இந்தியா 2007-லேயே ஏற்றுக் கையெழுத்திட்டிருந்தது. அதன் 11-வது பிரிவு பேரிடரைப் பற்றியது. உள்நாட்டுச் சட்டத்தில் அது இறங்க ஒன்பது வருஷம் பிடித்தது. புதுச் சட்டத்தின் 8-வது பிரிவை எல்லோரும் ஒருமுறை படிக்க வேண்டும். பேரிடரில் மாற்றுத்திறனாளிகளுக்குச் சமமான பாதுகாப்பு உண்டு என்கிறது. அதோடு நில்லாமல், மாவட்டப் பேரிடர் மேலாண்மை ஆணையம் தன் மாவட்டத்திலுள்ள மாற்றுத்திறனாளிகளின் விவரப் பதிவேட்டை வைத்திருக்க வேண்டும், ஆபத்து வரும்போது அவர்களுக்குத் தக்க முறையில் தெரிவிக்க வேண்டும் என்கிறது. பஞ்ச காலத்து கிராமப் பட்டியல் திரும்பி வந்துவிட்டது! இந்தத் தடவை இனாமாக அல்ல, உரிமையாக. 2019-ல் தேசிய ஆணையம் இதற்கென்றே வழிகாட்டு நெறிகளையும் வெளியிட்டது.

நாம் மட்டும்தான் தாமதம் என்றும் சொல்ல முடியாது. 2005-ல் காத்ரீனா புயலில் நியூ ஆர்லியன்ஸ் நகரில் சக்கர நாற்காலிக்காரர்கள் வண்டி வரும் வரும் என்று காத்திருந்து செத்த பிறகுதான் அமெரிக்காவில் அதற்கென ஓர் அதிகாரியைச் சட்டம் போட்டு வைத்தார்கள். ஜப்பானில் 2011 சுனாமியில் ஊனமுற்றோர் மற்றவர்களைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு விகிதத்தில் மாண்டார்கள். 2013-ல் அங்கே ஒவ்வொரு ஊராட்சியும் பெயர்ப்பட்டியல் வைத்தாக வேண்டும் என்று சட்டம் திருத்தப்பட்டது.

2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஊனமுற்றோர் 11.79 லட்சம் பேர். பட்டியல் போடுவது மலையைப் புரட்டுகிற வேலையல்ல. அடையாள அட்டை கொடுத்தவர்களின் விவரம் எப்படியும் அரசிடம் இருக்கிறது. ஆனால் அட்டையில் பெயரும் சதவீதமும் இருக்கும். எந்த மாடி, படி எத்தனை, தூக்க எத்தனை பேர் வேண்டும், கரண்ட் போனால் எந்த மிஷின் நிற்கும் என்பது அதில் இருக்காது. படகில் வருகிற பையனுக்கு வேண்டியது அதுதான்.

வெள்ளத்துக்குப் பிறகு நண்பன் தரைத்தளம் வேண்டாம் என்று லிஃப்ட் உள்ள ஃப்ளாட்டில் நாலாவது மாடிக்குப் போனான். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது, பாதுகாப்புக்காகக் கரண்டை நிறுத்தினார்கள், லிஃப்ட் நின்றது. தண்ணீர் தொடாத வீட்டில் நாலு நாள் சிறை. கீழே இருந்தால் வெள்ளம், மேலே இருந்தால் லிஃப்ட். 2015-க்குப் பிறகு ஆற்றங்கரைக் குடும்பங்கள் பலவற்றைப் பெரும்பாக்கத்தின் எட்டு மாடிக் குடியிருப்புகளுக்கு மாற்றினார்கள். அங்கே இருக்கிற கால் முடியாதவர்களை நினைத்துக்கொண்டேன். அந்தப் புயலுக்கான 6,000 ரூபாயை ரேஷன் கடையில் டோக்கன் கொடுத்து ரொக்கமாகக் கொடுத்தார்கள். ரொக்கமென்றால் மறுபடி வரிசை. அம்மாதான் போய் நின்றார். 71 வயசு.

இப்போது அவன் முதல் மாடிக்கு மாறிவிட்டான். லிஃப்ட் வேலை செய்தால் லிஃப்ட், இல்லாவிட்டால் பின்பக்கமாக உட்கார்ந்து படிப்படியாக ஏறிவிடுகிறான்.

இந்த வருஷம் சங்கத்தின் முகவரிப் படிவத்தைப் புதுப்பிக்கும் வேலை என் தலையில் விழுந்தது. ரத்த வகை, கம்பெனி, பதவி எல்லாம் பழையபடி. 14-வதாக ஒரு கேள்வி சேர்த்திருக்கிறேன். வெள்ளமோ புயலோ வந்தால் உங்கள் வீட்டிலிருந்து தூக்கி இறக்க வேண்டியவர் யாராவது உண்டா, விவரம் எழுதுக. பூர்த்தியாகி வந்த முதல் படிவம் அவனுடையதுதான். 14-வது கேள்விக்கு எதிரே அவன் எழுதியிருந்தது:

"முதல் மாடி. 17 படி, இரண்டாவது திருப்பம் குறுகல். ஆள் 68 கிலோ, மூன்று பேர் போதும். பிளாஸ்டிக் நாற்காலி பால்கனியில். கேலிப்பர் பரண் மேல் இடது பக்கம், மறக்காமல் எடுக்கவும். அம்மா நடப்பார்."